எட்டுப் பேர், ஒரு புத்தகம், ஒன்றரை மணித்தியாலம்

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். அலுவலகத்தில் நால்வர், பள்ளிக்கூடக் காலத்து நண்பர்கள் மூவர், நான் என எட்டுப் பேர் சேர்ந்து என் வீட்டில் வாசகர் வட்டம் தொடங்கினோம். இரண்டு தடவை கூடியாயிற்று. பாதிப் பேர் வாசிக்காமலே வந்தார்கள்; நேரமெல்லாம் இடமாற்றக் கதையிலும் ரோல்ஸிலும் போய்விட்டது. மூன்றாவதை எப்படி நடத்தலாம்?

பதில்: வாசிக்காமல் வந்தவர்களைக் குறை சொல்லுமுன், புத்தகம் எத்தனை நாள் அவர்கள் கையில் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். எட்டுப் பேருக்கு ஒரே நூலகப் பிரதி, நாலு வாரம் என்றால் ஆளுக்கு மூன்றரை நாள். முதலாமவர் வாசித்ததை மறந்திருப்பார். கடைசி ஆளுக்கு அது கைமாறும்போதே கூட்டம் வந்துவிடும். பெரும்பாலான வட்டங்கள் இந்த இடத்தில்தான் உடைகின்றன.

ஆகவே மூன்றாம் கூட்டத்துக்கு நாவல் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பக்கச் சிறுகதை இரண்டு போதும். ஈழத்து எழுத்து என்றால் ‘நூலகம்’ இணையத்தளத்தில் பழைய தொகுப்புகளும் சஞ்சிகைகளும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. இணைப்பை அனுப்பினால் எல்லோரும் அன்றிரவே தொடங்கலாம். முழுப் புத்தகத்தைப் போட்டோக்கொப்பி அடித்துப் பங்கிடுவதும், வாட்ஸ்அப்பில் திருட்டு பிடிஎஃப் சுற்றவிடுவதும் பதிப்புரிமை மீறல். வாசகர் வட்டமே அதைச் செய்யக்கூடாது.

பிறகு நாவலுக்குப் போகும்போதும் 150 பக்கத்தைத் தாண்டாதீர்கள். ஆளுக்கொரு பிரதி என்றால் நாளுக்கு ஐந்தாறு பக்கம் வரும். வேலையும் பிள்ளைகளின் ரியூசனும் உள்ளவருக்கு அதுதான் அளவு. இரண்டு பேருக்கு ஒரு பிரதி என்று நாலு வாங்கினால் ஆளுக்கு இரண்டு வாரமே கிடைக்கும், அப்போது 80 பக்கத்துக்குள் நில்லுங்கள். இந்தியப் பதிப்பு என்றால் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வர வேண்டியிருக்கும். ஆறு வாரம் முந்தியே சொல்லிவையுங்கள்.

கூடும் நாளுக்குப் போயா (பௌர்ணமி) விடுமுறை வசதி, மாதம் ஒன்று என்ற கணக்கும் தானாக வரும். வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் மட்டும் வெளியூர்க்காரர் ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த மாதம் வேறொரு ஞாயிறு பாருங்கள். நேரம் மாலை 4.15 முதல் 5.45. அஸர் தொழுகை முடிந்திருக்கும், பெரும்பாலான மாதங்களில் மஃரிப் தொழுகைக்கு முன் கலையலாம், கிண்ணியாவுக்கோ மூதூருக்கோ திரும்புகிறவர் இருட்டுமுன் புறப்படலாம். நோன்பு மாதத்தில் காலை பத்து மணிக்கு, சாப்பாடில்லாமல்.

இனிப் பேச்சு. இடமாற்றக் கதையை அடக்கப் பார்த்தால் அது கூட்டம் முழுக்கக் கசிந்துகொண்டே இருக்கும். 4.30 வரை அதற்கே விட்டுவிடுங்கள். பிறகு ஆளுக்கு மூன்று நிமிடம், இடையில் யாரும் குறுக்கிடாமல் ஒரு சுற்று. மொத்தம் 24 நிமிடம். “கதை பிடித்ததா?” என்று கேட்டால் “நல்லம்” என்பதோடு முடிந்துவிடும். “எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தீர்கள், ஏன்?” என்று கேளுங்கள். முழுதும் வாசிக்காதவருக்கும் இதற்குப் பதில் இருக்கும். பக்க எண்ணோடு சொன்னால் மற்றவர்களும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவார்கள், விவாதம் அங்கேயே தொடங்கிவிடும்.

அலுவலக நால்வரில் ஒருவர் மற்றவர்களுக்கு மேலதிகாரியா? அவர் முதலில் பேசினால் மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். சுற்றை அவருக்கு அடுத்த கதிரையில் தொடங்குங்கள். அவர் முறை கடைசியாக வரும், யாருக்கும் மனக்குறையும் இராது. அதிகம் பேசுகிறவரை உங்களுக்கு எதிரே இருத்த வேண்டாம். கண்ணைப் பார்த்தாலே உற்சாகமாகிவிடுவார். அவரைப் பக்கத்தில் இருத்தி, பேசத் தயங்குகிறவரை எதிரே இருத்துங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்குப் பக்க விறாந்தை மாலையில் அடுப்பு. கிழக்குப் பக்கம் போங்கள். மார்கழி மழையில் தகரக் கூரையின் கீழ் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது, உள்ளறைதான் சரி.

ரோல்ஸை விடுங்கள்; அந்த எண்ணெய் பக்கத்தில் படிந்தால் போகாது. முதல் நாள் இரவே ஊறவைத்த 400 கிராம் கடலையை அவித்துத் தாளித்தால் எட்டுப் பேருக்குப் போதும். சைவமாக இருப்பதால் விரதகாரர், ஹலால் பார்ப்பவர் என்று பிரித்துச் சமைக்க வேண்டியதும் இல்லை. பிளேன்ரீக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், எட்டுத் தேக்கரண்டித் தேயிலை, தட்டிய இஞ்சித் துண்டு. எல்லாமே முதல் சுற்று முடிந்த பிறகுதான் வெளியே வர வேண்டும். முன்னமே வைத்தால் வாய் கடலைக்குப் போய்விடும்.

5.35க்கு அடுத்த புத்தகத்தைப் பேசுங்கள். இரண்டு பெயருக்கு மேல் வைக்காதீர்கள். அந்த இரண்டுக்கும் பிரதி எங்கே கிடைக்கும் என்று முன்பே விசாரித்திருக்க வேண்டும். முடிந்தால் தெரிவான புத்தகம், கதிரையை விட்டு எழும்புமுன் அவரவர் பைக்குள் போய்விடட்டும்.