டர்பனில் புவித்தகவலியல் முதலாண்டு: கேட்ட தம்பிக்கு

தம்பி, திருநெல்வேலியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, அப்பாவின் வேலை மாற்றத்தால் குடும்பத்தோடு டர்பன் வந்து இறங்கியிருக்கிறீர்கள். பிப்ரவரியில் புவித்தகவலியல் முதலாண்டு தொடங்குகிறது. அதற்குள் எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது, கணக்கு எவ்வளவு வரும், படித்து முடித்தால் வேலை உண்டா, அப்புறம் இந்த ஊரில் தமிழ் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் தூத்துக்குடிக்காரி. இங்கே வந்து குடும்பம் வைத்துப் பல வருடம் ஆகிறது, சாப்பாடு போடுவதும் இந்த ஜிஐஎஸ் வேலைதான், அதாவது நிலம் பற்றிய தகவலைக் கணினியில் வரைபடமாக்கி ஆராய்வது. புவித்தகவலியல் அதற்கான படிப்பு. வரிசையாகப் பதில் சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் பற்றி நீங்கள் படும் கவலையில் பாதியைக் குறைத்துக்கொள்ளலாம். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், இன்றைக்கே இறக்கிக்கொள்ளுங்கள். ஆர்க்ஜிஐஎஸ்ஸுக்குப் பொதுவாகத் துறையே உரிமம் தரும், காசு கொடுத்து வாங்காதீர்கள். க்யூஜிஐஎஸ்ஸோடு வரும் பயிற்சிக் கையேட்டில் எடுத்துக்காட்டெல்லாம் மேற்கு கேப்பில் உள்ள ஸ்வெலன்டாம் ஊரைச் சுற்றியே இருக்கும், தென்னாப்பிரிக்கர்கள் அந்த மென்பொருளுக்குச் செய்த பங்கு அப்படி. அதை ஒரு தடவை கைப்பட செய்து பார்த்தால் எந்தப் பொத்தான் எங்கே என்பது பிடிபட்டுவிடும். முதலாண்டுப் பிள்ளைகள் திணறுவது வேறு இடத்தில். வெக்டர் என்றால் புள்ளி, கோடு, பரப்பு, ராஸ்டர் என்றால் கட்டம் கட்டமான படம், இது எல்லாருக்கும் ஒரே வகுப்பில் விளங்கிவிடும். ஆனால் கையில் இருக்கும் இடம் குறிக்கும் எண் எந்த டேட்டத்தில் (எங்கிருந்து, பூமியின் எந்த வடிவத்தை வைத்து அளப்பது என்ற அடிப்படை), எந்த வீழலில் (உருண்டைப் பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறை) எழுதப்பட்டது என்று கேட்கும் பழக்கம் சில பேருக்குக் கடைசி வருடம் வரை வருவதில்லை. இந்த நாட்டில் அந்தப் பழக்கம் இல்லாமல் காலம் தள்ள முடியாது, ஏன் என்று சொல்கிறேன்.

நம்மூர்ப் பரங்கிமலையில் 1802-இல் ஆங்கிலேய அதிகாரி லாம்ப்டன் அடிக்கோடு, அதாவது மற்றக் கணக்குக்கெல்லாம் ஆதாரமான முதல் தூரத்தை, அளந்து தொடங்கிய நில அளவை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய இந்திய வரைபடங்களுக்கு அடிப்படை எவரெஸ்ட் நீள்கோளம் (பூமியின் சற்றே தட்டையான உருண்டை வடிவத்துக்கான கணக்கு) என்றால், இங்கே பழைய கேப் டேட்டத்துக்கு அடிப்படை சற்றே மாற்றிய கிளார்க் 1880 நீள்கோளம். அதைக் கைவிட்டு 1999 ஜனவரி 1 முதல் ஹார்ட்டபீஸ்த்ஹுக்94 என்ற டேட்டத்துக்கு நாடே மாறியது. அந்தப் பெயர் ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் உள்ள ரேடியோ வானாய்வு மையத்தின் பெயர், அங்கிருந்த தொலைநோக்கியின் இருப்பிடம்தான் தொடக்கப் புள்ளி. புதியது ஜிபிஎஸ்ஸுக்கு அடிப்படையான டபிள்யூஜிஎஸ்84 நீள்கோளத்தையே பயன்படுத்துவதால் ஜிபிஎஸ் எண்ணோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும். பழையதைப் புதியதோடு அப்படியே அடுக்கினால் வடக்கு தெற்காகச் சுமார் 300 மீட்டர் தள்ளி நிற்கும். பள்ளிக்கூடம் ஆற்றுக்குள் விழும், வீடு நெடுஞ்சாலையில் உட்காரும். 1999-க்கு முந்தைய நில அளவைப் படம், பழைய பொறியியல் வரைபடம் எதைத் தொட்டாலும் இது வரும், அலுவலகங்களில் அந்தப் பழைய தாள்கள் இன்னும் ஏராளம்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. இங்கே நில அளவையாளர்கள் உலகெங்கும் வழங்கும் யூடிஎம் வீழல் முறையில் எழுதுவதில்லை, 'லோ' முறையில்தான் எழுதுவார்கள். ஒற்றைப்படைத் தீர்க்கரேகை ஒவ்வொன்றையும் நடுக்கோடாக வைத்து இரண்டு டிகிரி அகலப் பட்டைகள். டர்பன் லோ31. இதில் எக்ஸ் தெற்கு நோக்கிக் கூடும், வை மேற்கு நோக்கிக் கூடும். பள்ளியில் படித்த எக்ஸ், வை அச்சுக்குத் தலைகீழ். நிலநடுக்கோட்டிலிருந்து தெற்கே எண்ணுவதால் டர்பனில் எக்ஸ் சுமார் 33 லட்சம் மீட்டர் வரும். 31 டிகிரி கோடு ஊருக்குள்ளேயே ஓடுகிறது, அதனால் மேற்கே குவாசூலு-நட்டால் பல்கலையின் வெஸ்ட்வில் வளாகத்தில் நின்றால் வை கூட்டல், நகர மண்டபத்துக்குப் போனால் வை கழித்தல்! ஜிஐஎஸ் மென்பொருளில் ஏற்றும்போது பெரும்பாலும் இரண்டையும் இடம் மாற்றி, இரண்டுக்கும் குறியையும் மாற்ற வேண்டும். இந்த முறைகளுக்கு மென்பொருள் வைத்திருக்கும் அடையாள எண்தான் இபிஎஸ்ஜி: 2054 என்பது நில அளவையாளர் எழுதும் லோ31, 32736 என்பது யூடிஎம் 36 தெற்கு, 4148 என்பது ஹார்ட்டபீஸ்த்ஹுக்94-இன் வெறும் அட்சரேகை தீர்க்கரேகை. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்யுங்கள், ப்ராக்டிகல் வகுப்பில் பக்கத்தில் இருப்பவன் உங்களிடம்தான் வந்து கேட்பான்.

ஒரு விஷயத்தில் உள்ளூர்ப் பிள்ளைகள் உங்களைவிட முன்னால் இருப்பார்கள், அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மேட்ரிக்கில், அதாவது இங்குள்ள பள்ளி இறுதித் தேர்வில், புவியியல் எடுத்தவர்கள் 1:50 000 நிலவரைபடத்தை மேசையில் விரித்துத் தூரம், சரிவு, திசைக்கோணம் எல்லாம் கணக்குப் போட்டுப் பரீட்சை எழுதியிருப்பார்கள், ஜிஐஎஸ்ஸுக்கும் அந்தத் தாளில் கேள்வி உண்டு. நம் பிளஸ் டூவில் கணக்கு இயற்பியல் எடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு அந்தக் கை பழகியிருக்காது. கேப் டவுன் மௌப்ரேயில் இருக்கும் தேசிய புவிசார் தகவல் இயக்ககம் இந்த வரைபடங்களையும் வான்வழிப் படங்களையும் இலவசமாகவே தருகிறது. 2931சிசி என்ற தாளை வாங்கிப் பாருங்கள், அது டர்பன். அந்த எண் எப்படி வந்தது என்றால், 29 தெற்கு, 31 கிழக்கு என்பது அந்த ஒரு டிகிரிச் சதுரத்தின் வடமேற்கு மூலை. சதுரத்தை நான்காக வெட்டினால் தென்மேற்குத் துண்டு சி, அதையும் நான்காக வெட்டினால் மறுபடி தென்மேற்கு சி. ஒரு தாள் பதினைந்து நிமிடத்துக்குப் பதினைந்து நிமிடம். நீங்கள் குடியிருக்கும் தெரு எந்தத் தாளில் விழுகிறது என்று கூகுள் பார்க்காமல் கண்டுபிடியுங்கள். ஊரின் மேற்குப் பாதி 2930டிடி-யில் இருக்கும், அதனால் கேட்கிறேன்.

அடுத்தது பெயர்கள். அட்டவணைகளை ஊர்ப்பெயர் வைத்து இணைக்கும் பயிற்சி முதல் பருவத்திலேயே வந்துவிடும், அங்கே பாருங்கள் கூத்தை. மாநகராட்சிக்குப் பெயர் ஈத்தெக்வினி, ஊருக்குப் பெயர் டர்பன், இரண்டும் வேறு வேறு எல்லை. சூலு பெயர்கள் பலவற்றில் முன்னொட்டு சிறிய எழுத்திலும் அடுத்த எழுத்து பெரிய எழுத்திலும் இருக்கும், ஒரு கோப்பில் அப்படி, இன்னொன்றில் எல்லாம் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில், கணினிக்கு இரண்டும் வேறு ஊர். தெருப்பெயர்கள் 2008 வாக்கில் கொத்தாக மாறின. கிரே ஸ்ட்ரீட் டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் ஆனது, வெஸ்ட் ஸ்ட்ரீட் டாக்டர் பிக்ஸ்லி காசெமெ, ஸ்மித் ஸ்ட்ரீட் ஆன்டன் லெம்பெடெ. ஆனால் கடைக்காரரிடம் கேட்டால் இன்றைக்கும் கிரே ஸ்ட்ரீட்தான். முகவரிப் பட்டியலை ஜியோகோட் செய்யச் சொன்னால், அதாவது ஒவ்வொரு முகவரிக்கும் வரைபடத்தில் இடம் குறிக்கச் சொன்னால், முதல் வேலையே பழைய பெயர், புதிய பெயர் ஜோடி அட்டவணை தயாரிப்பது. வார்டு எல்லைகளையும் உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்னால் திருத்துவார்கள், எனவே 2011 மக்கள்தொகைக் கணக்கையும் 2022 கணக்கையும் வார்டு எண்ணை வைத்து நேராக ஒப்பிட்டால் குப்பைதான் கிடைக்கும். குவாசூலு-நட்டால் பல்கலையில் சேர்ந்திருந்தால் சூலு மொழிப் பாடம் ஒன்றும் கட்டாயம், 2014-இலிருந்து அப்படி. சும்மா தேறினால் போதும் என்று நினைக்காமல் படியுங்கள், களப்பணிக்குப் போகும்போது அதன் அருமை தெரியும்.

மக்கள்தொகை அடுக்கைத் திறந்து இன வாரியாக வண்ணம் தீட்டச் சொல்வார்கள், டர்பனில் அதைச் செய்தால் கோடு போட்டது போல் பிரிந்து நிற்கும். ஒவ்வொரு இனமும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற 1950-இன் குழுப் பகுதிகள் சட்டம் போட்ட கோடு அது. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து கிளப்பப்பட்ட இந்திய வம்சாவளி ஆட்கள் சாட்ஸ்வர்த்துக்குப் போனதும், பிற்பாடு ஃபீனிக்ஸ் எழுந்ததும் அந்தச் சட்டத்தின் விளைவுதான். என்னைக் கேட்டால், வரலாறு தெரியாமல் அந்த வரைபடத்துக்கு விளக்கம் எழுதக் கூடாது. எழுதினால் 'இந்தியர்கள் சேர்ந்து வாழ விரும்புகிறார்கள்' என்ற மாதிரி அபத்தம் வரும், அசைன்மென்டுகளில் நான் பார்த்தது.

செயற்கைக்கோள் படம் பற்றி ஒரு உள்ளூர் உதாரணம் போதும். 2022 ஏப்ரலில் இங்கே வந்த வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர், இரண்டு செயற்கைக்கோள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கும், இலவசம். ஆனால் மேகம் மூடியிருந்தால் அது வெள்ளைத்தாள். மேகத்தைத் துளைப்பது ரேடார், அதாவது சென்டினல்-1. அதில் இருந்த இரண்டு செயற்கைக்கோளில் ஒன்று 2021 டிசம்பரில் பழுதாகிவிட்டது, மிச்சமிருந்த ஒன்று அதே பாதையில் திரும்பி வரப் பன்னிரண்டு நாள். வெள்ளமோ வடிந்துவிடும். எந்தத் தரவு எந்த நேரத்தில் உதவும் என்று யோசிக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. அதோடு நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் உயர மாதிரியையும் எடுத்துக்கொண்டு, ஆற்றோரச் சரிவுகளில் முகவரியே இல்லாத குடிசை வீடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று மேலே அடுக்கிப் பாருங்கள்.

கணக்கு: பிஎஸ்சி என்றால் முதலாண்டில் நுண்கணிதமும் புள்ளியியலும் இருக்கும், நம் பிளஸ் டூ கணக்கு ஒழுங்காகப் படித்தவர்களுக்குப் பயமில்லை. பைதான் கொஞ்சம் தெரிந்தால் நல்லது. பின்னால் இடம் மாற நினைத்தால் பிரிட்டோரியாவிலும் ஸ்டெலன்போஷிலும் புவித்தகவலியல் என்றே பட்டம் உண்டு. கேப் டவுனில் நில அளவையோடு சேர்ந்த ஜியோமேட்டிக்ஸ்.

வேலை பற்றி நேராகச் சொல்கிறேன். இங்கே இது பதிவு பெற்ற தொழில். 2013-இன் 19-ஆம் எண் ஜியோமேட்டிக்ஸ் தொழிற்சட்டத்தின் கீழ் வரும் தென்னாப்பிரிக்க ஜியோமேட்டிக்ஸ் கவுன்சிலில் டெக்னீஷியன், டெக்னாலஜிஸ்ட், புரொஃபஷனல் என்று படிகள் உண்டு, மாநகராட்சி விளம்பரங்களில் அந்தப் பதிவைக் கேட்பார்கள். உங்கள் பட்டத்தில் எந்தெந்தப் பாடம் எடுத்தால் எந்தப் படிக்குத் தகுதி என்பதை முதலாண்டிலேயே துறையில் கேட்டுவிடுங்கள். மூன்றாம் வருடம் தெரியவந்து ஒரு பாடத்துக்காகக் கூடுதலாக ஒரு வருடம் இருந்தவர்களை எனக்குத் தெரியும். மாணவர் விசாவில் பருவ நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம். அரசு வேலையில் குடிமக்களுக்குத்தான் முதலிடம், அது நியாயமும்கூட. தனியார் ஆலோசனை நிறுவனங்கள் ஆளைப் பார்த்து எடுக்கும், செய்து முடித்த இரண்டு மூன்று வரைபடங்களைத் தயாராக வைத்திருங்கள்.

களப்பயிற்சிக்குக் கருவி தூக்கிக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். கூட்டமாகப் போங்கள், கைப்பேசியை வெளியே நீட்டிக்கொண்டு நடக்காதீர்கள். மொபைல் டேட்டா நம்மூர் விலையை நினைத்து ஏமாறாதீர்கள், படங்களையெல்லாம் வளாக வைஃபையில் இறக்குவதுதான் வழக்கம்.

தமிழ் ஆட்களா, 1860 நவம்பரில் மதராசிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் வணக்கம் சொல்வார்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், காவடி எடுப்பார்கள். தமிழ் தெரியாத இவர்களெல்லாம் என்ன தமிழர் என்று நம்மூரிலிருந்து வருகிற சிலர் பேசுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, நீங்கள் அப்படிப் பேச மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். தைப்பூசம் சில வருடம் பல்கலைப் பதிவு நாட்களை ஒட்டியே வரும், இரண்டு தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுக்குப் போகும்போது விசா, மருத்துவக் காப்பீடு, பிளஸ் டூ சான்றிதழின் சமநிலைக் கடிதம் மூன்றும் மூலப்பிரதியாகக் கையில் இருக்கட்டும், நகல் மட்டும் கொண்டுபோனால் அந்த வரிசையில் மறுபடி நிற்க வேண்டிவரும்.