டாக்டர் தவறிவிட்டார், அவர் எழுதிய சீட்டு செல்லுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். அப்பாவுக்குப் பல வருஷமாகப் புதுச்சேரி டாக்டர் ஒருவர்தான் வைத்தியம். போன மாதம் அவர் இறந்துவிட்டார். கடைசிச் சீட்டில் ‘மூன்று மாதம் தொடரவும்’ என்று எழுதியிருக்கிறார். மெடிக்கலில் ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் தருகிறார்கள், தூக்கத்துக்கான அல்பிரசோலம் தர மறுக்கிறார்கள். இது சரியா?

பதில்: எழுதியவர் இறந்துவிட்டார் என்பதற்காகவே சீட்டு செல்லாது என்று மருந்து விதிகள் சொல்லவில்லை. 1945ஆம் ஆண்டு விதிகளில் 65ஆவது விதியைப் பாருங்கள். பதிவு பெற்ற மருத்துவர் எழுதியிருக்க வேண்டும்; கையெழுத்து, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் அளவு இருக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. திரும்பத் தரலாம் என்று டாக்டரே குறித்திருந்தால், குறித்த அளவுக்கு மட்டும் தரலாம். கொடுக்கும்போதெல்லாம் கடையின் பெயர், முகவரி, தேதியைச் சீட்டிலேயே எழுத வேண்டும் என்றும் விதி இருக்கிறது. எத்தனை கடைகளில் எழுதுகிறார்கள் என்று கேட்காதீர்கள்! ஆக, உங்கள் சீட்டுக்கு அந்த மூன்று மாதம்தான் கெடு.

அல்பிரசோலம் ‘எச்1’ அட்டவணை மருந்து, அதாவது டாக்டர் சீட்டோடு மட்டும், கூடுதல் கண்காணிப்பில் விற்க வேண்டிய மருந்துகளில் ஒன்று. 2014 மார்ச் முதல் இவற்றை விற்றால் டாக்டர், நோயாளி விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் டாக்டருக்கு போன் போடுவார்கள். இப்போது எடுக்க ஆள் இல்லை. கெடு முடியாதவரை மறுத்தே ஆக வேண்டும் என்றில்லை. ஆனாலும் அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதற்காகக் கடையில் வாதாடி நாளைக் கடத்தாதீர்கள். தினமும் போட்ட அல்பிரசோலத்தைத் திடீரென்று நிறுத்தினால் பதற்றம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு கூட வரலாம். பழைய சீட்டு, மாத்திரை அட்டைகளோடு அப்பாவைக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ வேறு டாக்டரிடமோ உடனே அழைத்துப் போங்கள். புதுச்சேரி டாக்டர் எழுதினாலும் கடலூரில் செல்லும். மாத்திரை தொடர வேண்டுமா, மெல்லக் குறைக்கலாமா என்பதை இப்போது பார்க்கும் டாக்டர் முடிவு செய்யட்டும். அம்லோடிபினுக்கும் அவரிடமே புதுச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

ஒரு டாக்டரின் பெயரை மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலிருந்து நீக்கியிருந்தால் அது வேறு விஷயம். நீக்கிய பிறகு அவர் எழுதும் சீட்டுக்கு மதிப்பே கிடையாது.

இன்னொன்று. பழைய கிளினிக்கில் யாராவது, ‘ஐயா கையெழுத்துப் போட்ட வெற்றுச் சீட்டு இருக்கிறது, எழுதித் தருகிறேன்’ என்றால் வாங்காதீர்கள். அது போலிச் சீட்டு. மாட்டினால் கடைக்காரரோடு உங்களையும் விசாரிப்பார்கள். அங்கே கேட்க வேண்டியது அப்பாவின் பழைய பரிசோதனை முடிவுகளின் நகலை.