மட்டக்களப்பில் கூடைப்பந்து ஆடும் பிள்ளை அமெரிக்கக் கல்லூரி வழியாக வெளிநாட்டு லீக்குக்குப் போகலாமா?

போகலாம். அருட்தந்தை வெபர் வளர்த்துவிட்ட கூடைப்பந்து மண் இது, திறமைக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் படிப்பிலும் கடதாசியிலும்தான்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் முதல் இரண்டுக்குள் நுழைய 16 அடிப்படைப் பாடங்கள் தேறியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு 9ஆம் தரத்திலேயே தொடங்கிவிடும். ஆகவே சாதாரண தரத்தைக் கோட்டைவிட்டால், பிறகு எவ்வளவு பந்து போட்டும் ஈடுகட்டுவது கடினம். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கிடையாது. பயிற்றுநருக்கு அழகாக வெட்டி ஒட்டிய காணொளி மட்டும் அனுப்பாமல் முழு ஆட்டத்தையும் அனுப்புங்கள். பந்து கையில் இல்லாதபோது பிள்ளை என்ன செய்கிறான் என்பதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

கல்லூரி முடித்தவர்களில் மிகச் சிலரே அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வுக்குப் போவார்கள். அங்குள்ள அணிகள் ஆண்டுத் தெரிவில் எடுப்பதே ஏறத்தாழ 60 பேரைத்தான். மற்றவர்களுக்கு ஐரோப்பா, ஆசியா. அங்கே பந்து கைக்கு வந்த 24 செக்கன்களுக்குள் அதைக் கூடைக்கு எறிய வேண்டும், கல்லூரியில் 30. இந்த 6 செக்கன் குறைவில் தடுமாறுவோர் பலர்.

ஒப்பந்தத்தைத்தான் நிதானமாக வாசிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை எத்தனை நாளுக்குள், காயப்பட்டால் சம்பளம் தொடருமா, வீடும் விமானச் சீட்டும் யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பிணக்கு வந்தால் ஜெனீவாவிலுள்ள கூடைப்பந்து நடுவர் மன்றம் தீர்க்கும் என்ற வரியைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் அந்த நாட்டு நீதிமன்றத்தில் அலைய நேரும். நாடு மாறும்போது, கடைசியாக ஆடிய நாட்டுச் சம்மேளனத்தின் விடுவிப்புக் கடிதமும் தேவை.