பாதயாத்திரை ராத்திரிக்கு எந்த பேட்டரி?

கேள்வி: அண்ணனுக்கு வணக்கம். தைப்பூசத்துக்கு எங்கள் குழுவில் 12 பேர் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறோம். ஐந்து ராத்திரி வழியில் தோப்பிலோ களத்துமேட்டிலோ தார்ப்பாய் கட்டித் தங்குவோம். சாமான் வண்டி ஒன்று கூடவே வரும். இந்த வருடம் அப்பத்தாவும் நடக்கிறார். வெளிச்சத்துக்கு வாடகை ஜெனரேட்டர் எடுப்பதா, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை வண்டியில் ஏற்றுவதா, இல்லை பெரிய லித்தியம் பவர் ஸ்டேஷன் (பிளக் பாயிண்ட் வைத்த பேட்டரிப் பெட்டி) வாங்கிவிடுவதா?
– வாசகர், கோட்டையூர்

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட மூன்றுமே உங்கள் கூட்டத்துக்குத் தேவையில்லை. நான்காவதாக வண்டி பேட்டரியிலேயே பல்ப் கட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

நான் செய்திருக்கிறேன். காரைக்குடியில் லைட் செட் கட்ட ஆரம்பித்த புதிதில் ஒரு கூட்டத்தோடு போனேன். நத்தம் தாண்டி ஒரு புளியந்தோப்பில் தங்கல். சாமான் வண்டி பேட்டரியில் கிளிப் மாட்டி, 21 வாட் வண்டி பல்ப் இரண்டைக் கிளையில் தொங்கவிட்டேன். ராத்திரி முழுக்க எரிந்தது. விடிகாலை 3 மணிக்குச் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம்தான். ஹெட்லைட் காவி நிறத்தில் மினுங்கி அடங்கிவிட்டது. கொப்புளம் போட்ட காலோடு எட்டுப் பேர் அந்த வண்டியைத் தள்ளினார்கள். அதில் ஒரு பெரியவர் தள்ளி முடித்து, குந்தி உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டதை நான் மறக்கவில்லை. வண்டி பேட்டரி சில நொடி பலமாகக் கொடுத்து இஞ்சினைக் கிளப்புவதற்கென்று செய்தது. ராத்திரி முழுக்க உறிஞ்சினால் வண்டியும் நிற்கும், பேட்டரியின் ஆயுசும் போகும்.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி 150 ஏ.எச். (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) என்றால் 50 கிலோவுக்கு மேல் கனக்கும், உள்ளே ஆசிட் வேறு. ஜெனரேட்டரை நான் தங்குமிடத்துக்குச் சேர்ப்பதே இல்லை. தை மாதக் களத்தில் வைக்கோல் கிடக்கும், பக்கத்தில் பெட்ரோல் கேன். தார்ப்பாய்க்குள் புகை அண்டினால் அதிலிருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்குத் தெரியாமலே ஆளைக் கொல்லும்.

சரி, கணக்குக்கு வருவோம். வாட்டை மணியால் பெருக்குங்கள், அவ்வளவுதான். சமைக்கிற இடத்தில் 9 வாட் எல்இடி, சாயங்காலம் மூன்று மணி நேரம், கிளம்பும்போது ஒரு மணி நேரம்: 36. படுக்கிற இடத்தில் 5 வாட், அதே நான்கு மணி: 20. ராத்திரி எழுந்து போகிறவர்களுக்காக 2 வாட், பத்து மணி நேரம்: 20. ஆக மொத்தம் 76 வாட் ஹவர். ஒரு ராத்திரிக்கு இவ்வளவுதான் செலவு.

இப்போது போன்களைக் கணக்கில் எடுங்கள். 5,000 எம்ஏஎச் போன் ஒன்றை முழுக்க ஏற்றவே சுமார் 20 வாட் ஹவர் வேண்டும். 12 போன் என்றால் 240. விளக்கெல்லாம் சேர்ந்து குடிப்பதைப்போல மூன்று மடங்கு! பெரிய பவர் ஸ்டேஷன் தேவை என்று உங்களை நினைக்க வைப்பது வெளிச்சம் இல்லை, போன்தான். அதனால் அவரவர் போனுக்கு அவரவர் பவர் பேங்க் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். விளக்கு பேட்டரியை யாரும் தொடக் கூடாது.

விளக்குக்கு 12.8 வோல்ட், 12 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (LiFePO4) பேட்டரி ஒன்று போதும். வோல்ட்டை ஏ.எச்.-ஆல் பெருக்கினால் சுமார் 150 வாட் ஹவர் இருக்கும். அதில் 80 சதவீதம் எடுத்தாலே ஒன்றரை ராத்திரிக்கு வரும். ஒன்றரை கிலோ அளவுதான் எடை, துணிப்பையில் போட்டுத் தூக்கலாம். அதே 12 ஏ.எச். ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் கெடும், அந்தப் பாதி உங்கள் 76-க்குக் கொஞ்சம் பற்றாது. பல்ப் பேட்டரியில் நேராக எரியும் 12 வோல்ட் டிசி பல்பாகவே வாங்குங்கள். வீட்டு பல்ப் மாட்டினால் நடுவில் இன்வெர்ட்டர் வேண்டும், அது சும்மா கிடந்தாலே சில வாட்டைத் தின்னும். பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். சார்ஜரும் இந்த பேட்டரிக்கென்று உள்ளதாக இருக்கட்டும், பழைய ஈய பேட்டரி சார்ஜர் வேண்டாம். 3 ஆம்பியர் சார்ஜர் என்றால் மத்தியானம் மண்டபத்தில் ஓய்வெடுக்கும் நாலைந்து மணியில் ஏறிவிடும்.

அப்புறம், நிலாவையும் கணக்கில் வையுங்கள். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நடக்க நடக்க நிலா வளரும். முதல் ஒன்றிரண்டு ராத்திரி அது நடுச்சாமம் தாண்டி மறைந்துவிடும், நீங்கள் கிளம்பும் 3 மணி கும்மிருட்டாக இருக்கும். அப்பத்தாவுக்குத் தலையில் மாட்டும் டார்ச் ஒன்று அந்த நாட்களுக்காகவே வாங்கிக் கொடுங்கள், இரண்டு கையும் சும்மா இருக்கும். பழனி நெருங்கும்போது நிலாவே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

பல்ப் மஞ்சள் வெளிச்சமாக இருந்தால் பூச்சி குறைவாக வரும். படுக்கிற இடத்தில் கண்ணுக்கு நேரே தொங்கவிடாமல், ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி அதன்மேல் விழும்படி திருப்பிவிடுங்கள். நம் ஊர் வீட்டு விளக்கு மாடத்தைப் பாருங்கள், சுவரில் பட்டு வரும் வெளிச்சம் யார் கண்ணையும் குத்தாது. நாள் முழுக்க நடந்தவருக்கு அந்த இதம் வேண்டும். பேட்டரியைப் பனி நனைக்காமல் செங்கல் மேல் வைத்து மூடுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மொட்டை மாடியில் எல்லாவற்றையும் கட்டி, சாயங்காலம் 6 மணிக்குப் போட்டு, மூன்று மணி நேரம் கழித்து 2 வாட்டைத் தவிர மற்றதை அணைத்துவிடுங்கள். விடிகாலை 4 மணிக்கு அந்த 2 வாட் எரிகிறதா என்று எழுந்து பாருங்கள்.

கேள்வி: பவர் பேங்கில் குட்டி யுஎஸ்பி பல்பைச் செருகினால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைகிறது. கோளாறா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: கோளாறு இல்லை, அம்மா. மிகக் குறைந்த மின்சாரம் போனால், போன் நிரம்பிவிட்டது என்று நினைத்து பவர் பேங்க் தன்னை நிறுத்திக்கொள்ளும். கூடவே இன்னொரு பல்பையும் செருகிப் பாருங்கள், பெரும்பாலும் நிற்காது. குறைந்த மின்சாரத்துக்கென்று தனி முறை உள்ள பவர் பேங்கும் கிடைக்கிறது, வாங்கும்போது கடையிலேயே உங்கள் பல்பைச் செருகிக் கொஞ்ச நேரம் எரியவிட்டு வாங்குங்கள்.