அட்டையில் களிமண் பூ நிற்குமா?

கேள்வி: என் மகள் தன் ஆசிரியைக்குச் செய்யும் வாழ்த்து அட்டையில் களிமண் பூ ஒட்டுகிறாள். பூ விரிசல் விட்டு உதிர்கிறது, அட்டையும் வளைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஈரமான களிமண்ணை நேரடியாக அட்டையில் பதிப்பதே இரண்டு தொல்லைகளுக்கும் காரணமாக இருக்கும். களிமண் உலரும்போது நீரை இழந்து சுருங்குகிறது; அடியிலுள்ள காகிதமோ அந்த நீரை உறிஞ்சி விரிகிறது. இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் பூ வெடிக்கிறது, அட்டை வளைகிறது. எனவே, காற்றில் தானே உலரும் கைவினைக் களிமண்ணை வாங்கி, பிளாஸ்டிக் தாளின் மேல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டி, இதழ்களைத் தனியே செய்து, இணைக்கும் இடங்களில் மட்டும் சிறிது நீர் தடவிப் பொருத்துங்கள். ஒரு நாள் முழுவதும் நிழலில், நடுவே ஒருமுறை திருப்பிப் போட்டு உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு வெயிலிலோ மின்விசிறியின் நேர் கீழோ வைத்தால் மேற்புறம் முந்திக் காய்ந்து மீண்டும் விரிசல் விழும். நன்கு உலர்ந்த பின்னரே அக்ரிலிக் வண்ணம் பூசலாம்.

அட்டை 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கனமாவது இருக்கட்டும். பூவின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி ஒட்டுங்கள். பூவை அட்டையின் கீழ்ப்பாதியில் வைத்தால், நிறுத்தும்போது முன்பக்கமாகச் சாயாது. மினுமினுப்புத் தூளைத் தவிர்ப்பது நல்லது. அது ஆசிரியையின் மேசையெங்கும் உதிரும். உள்ளே எழுத வேண்டியதை ஒட்டுவதற்கு முன்பே எழுதி முடித்துவிடச் சொல்லுங்கள்.