எல் ரீனோ டொர்னேடோ 4 கி.மீ. அகலம் இருந்தும் ஏன் இ.எஃப்.3 மட்டும்தான்?

இ.எஃப். என்பது அமெரிக்காவில் 2007 முதல் டொர்னேடோவுக்கு, அதாவது மேகத்திலிருந்து தரை வரை இறங்கிச் சுழலும் காற்றுக்கு, தரும் தர எண். 0 முதல் 5 வரை. இதில் பலரும் கவனிக்காத விஷயம், அது காற்றை அளந்து தருவதில்லை. காற்று போன பிறகு ஆட்கள் நேரில் போய், எந்த வீட்டின் கூரை பறந்தது, சுவர் நின்றதா விழுந்ததா, மரத்தின் பட்டை உரிந்ததா என்று பார்த்து வேகத்தைக் கணிக்கிறார்கள்.

யானை கரும்புத் தோட்டத்தில் புகுந்தால் சேதத்தை வைத்து அதன் பலத்தைச் சொல்லிவிடலாம். அதே யானை வெறும் பொட்டலில் நடந்து போனால்? கால்தடம்தான் மிஞ்சும்.

2013 மே 31 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நடந்தது இதுதான். எல் ரீனோ ஊரை ஒட்டிய வயல்வெளியில் சுமார் 4.2 கி.மீ. அகலத்துக்கு அது சுழன்றது. நடமாடும் ரேடார் மணிக்கு 470 கி.மீ.க்கும் மேல் காட்டியது. முதலில் இ.எஃப்.3 என்றவர்கள், ரேடார் கணக்கை வைத்து 5 ஆக ஏற்றினார்கள். அப்புறம், அந்த வேகத்துக்கு ஈடான சேதம் தரையில் இல்லை என்று மறுபடியும் 3 ஆக இறக்கினார்கள். என்னைக் கேட்டால், ரேடார் கணக்கை ஒதுக்கியது கொஞ்சம் அநியாயம்தான். காரில் துரத்திப் போன அனுபவசாலி ஆய்வாளர்கள் உட்பட எட்டுப் பேர் அதில் இறந்தார்கள்.

சரி, அகலம் கூடினால் வேகமும் கூடுமா? அப்படிச் சொல்லிவிட முடியாது: 1997இல் டெக்சாஸின் ஜாரல் பக்கம் சாலையின் தாரையே பெயர்த்தெடுத்த டொர்னேடோவின் அகலம் சுமார் 1.2 கி.மீ.தான்.