எட்டு விளக்குகளும் எரிந்தும் நெட்வொர்க் தடுமாறுவது ஏன்?

நெட்வொர்க் கேபிளைச் சோதிக்கும் கையடக்க டெஸ்டரில், கம்பிக்கு ஒன்றாக உள்ள எட்டு விளக்குகளும் வரிசையாக எரிந்தும் வேகம் குறைகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எளிய கருவி, ஒவ்வொரு கம்பியும் அறுபடாமல், இடம் மாறாமல் மறுமுனையை அடைகிறதா என்பதை மட்டுமே காட்டும். கேபிள் முனையிலுள்ள கனெக்டரின் 3, 6 ஆகிய பின்களில், ஒன்றோடொன்று முறுக்கப்பட்ட ஒரே இணையின் இரு கம்பிகள் அமைய வேண்டும். அதை விட்டு 3, 4 என அடுத்தடுத்துப் பொருத்தி, இரு முனைகளிலும் அதே தவறைச் செய்திருந்தால், விளக்குகள் குறை சொல்லமாட்டா, ஆனால் இணைகளுக்கிடையே குறுக்கீடு பெருகும். (கனெக்டரின் நிறவரிசையைக் கண்ணால் பார்ப்பதே விரைவான வழி என்பேன்.) அறுந்த இடத்தின் தூரம் வேண்டுமெனில், மின்துடிப்பின் எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும் டிடிஆர் வசதியுள்ள கருவி தேவை. தொலைபேசிக் கம்பியையோ, சோதிக்கும் முன் லைனிலிருந்து கழற்றிவிடுங்கள். வழக்கமாக அதில் ஏறத்தாழ 48 வோல்ட் இருக்கும், மணி ஒலிக்கையில் இன்னும் உயர்ந்து டெஸ்டரையே பழுதாக்கிவிடலாம்.